1928-ல் பிறந்த மூணு பாலங்கள்

போன பொங்கலுக்கு வீட்டுக்காரம்மாவோட தம்பி சென்னையிலிருந்து குடும்பத்தோட வந்திருந்தார். ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிட்டு ஊருக்குத் திரும்பிட்டிருந்தோம். கார் கொள்ளிடம் பாலத்தில் ஏறினதும் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டுக் கேட்டார்.

"என்ன மாமா, ஆத்துல தண்ணியே இல்ல?"

தை மாசத்தில் கொள்ளிடம் அப்படித்தான் இருக்கும். முக்கொம்பு மேலணையில் காவிரி ரெண்டாப் பிரியும். தெற்கே போறது காவிரி, அது பாசனத்துக்கு. வடக்கே போறது கொள்ளிடம், அது வெள்ளத்துக்கு. மிச்சத்தைக் கொள்ளும் இடம்னுதான் அந்தப் பேரே வந்ததுன்னு எங்க பக்கம் பெரியவங்க சொல்வாங்க.

"தண்ணி ஆடியில வந்துரும் மாப்ள. மணலப் பாருங்க. அதுதான் போனா வராது" என்றேன்.

அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்துச்சு. "ஆமா, இங்க பக்கத்துல ஒரு இரும்புப் பாலம் இருக்குமே? உங்க கல்யாணத்துக்கு வந்தப்ப பஸ் அதுலதான் வந்துச்சு. டடக் டடக்னு சத்தம் போடும். எங்க அது?"

வீடு வர்றதுக்குள்ள சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் இங்கே எழுதுறேன்.

எங்க பாலம்

அந்த இரும்புப் பாலம் 1928-ல் கட்டினது. ஸ்ரீரங்கம் பக்கத்தையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைச்சுது. நீளம் சுமார் 800 மீட்டர். இருபதுக்கும் மேலே கண்கள். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் இருக்கிற இடத்தை 'கண்' என்றுதான் எங்க பக்கம் சொல்வோம். பைபாஸ் வர்றதுக்கு முன்னாடி திருச்சியிலிருந்து சென்னைக்குப் போற நெடுஞ்சாலையே இதுதான். சமயபுரத்துக்கு, லால்குடிக்கு, மண்ணச்சநல்லூருக்கு யார் போனாலும் இந்தப் பாலத்தில் ஏறி இறங்கணும்.

எங்க அப்பா மாட்டுவண்டியில் வாழைத்தார் ஏத்திக்கிட்டு ராத்திரியிலேயே கிளம்பி காந்தி மார்க்கெட்டுக்குப் போவார். வண்டிக்கு அடியில் அரிக்கேன் லாம்பு தொங்கும். கட்டாந்தரையில் வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா ஒரு மாதிரி சத்தம் போடும், பாலத்தில் ஏறினால் வேற மாதிரி போடும். வண்டியில் படுத்துத் தூங்குற எனக்கு அந்தச் சத்தம் மாறினால்தான் விழிப்பு வரும். ஒவ்வொரு கண் முடியுற இடத்திலும் வண்டி ஒரு தூக்கு தூக்கிப் போடும். எண்ணிக்கிட்டே போவேன். பாதியிலேயே மறுபடி தூங்கிடுவேன்.

அப்புறம் டிராக்டர் வந்தது, மினி லாரி வந்தது. பாலம் மட்டும் அதேதான். எதிர் எதிரே ரெண்டு பஸ் வந்தால் டிரைவர்கள் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒதுங்கணும். சமயபுரம் பூச்சொரிதல் சமயத்தில் பாதயாத்திரைக் கூட்டமும் சேர்ந்துடும். அப்போ பாலத்தைத் தாண்டவே அரை மணி நேரம் ஆகும். "இந்தப் பாலத்துக்கு எப்பத்தான் விடுதலை?"ன்னு திட்டாத ஆளே கிடையாது.

2016-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துச்சு. பழசை வண்டிப் போக்குவரத்துக்கு மூடினாங்க. 88 வயசு வரைக்கும் உழைச்சுட்டு ஓய்வுக்குப் போச்சு.

கதை இங்கேயே முடிஞ்சிருக்கும். ஆனா, அதே 1928-ல் பிறந்த இன்னும் ரெண்டு பாலங்களோட கதை தெரிஞ்சால்தான் எங்க பாலத்துக்குக் கிடைச்ச அதிர்ஷ்டம் புரியும்.

அமெரிக்காவில் ஒண்ணு

முதல் பாலம் அமெரிக்காவில், ஒஹாயோ ஆத்து மேலே. மேற்கு வர்ஜீனியாவில் பாயின்ட் பிளசன்ட் என்கிற ஊரையும் எதிர்க்கரையில் இருக்கிற ஒஹாயோ மாநிலத்தையும் இணைச்சுது. 1928 மே 30-ந்தேதி திறந்தாங்க. அலுமினிய நிறப் பெயின்ட் அடிச்சு பளபளன்னு இருந்ததால் வெள்ளிப் பாலம்னு, அதாவது சில்வர் பிரிட்ஜ்னு பேர்.

அது தொங்குபாலம். வழக்கமா தொங்குபாலத்தைக் கம்பி வடத்தில் தொங்க விடுவாங்க. நம்ம ஊர் தேர் வடம் மாதிரிதான். பல நூறு பிரி சேர்த்து முறுக்கினது, நாலு பிரி அறுந்தாலும் மிச்சம் தாங்கிக்கும். வெள்ளிப் பாலத்தில் வடத்துக்குப் பதிலா சங்கிலி போட்டாங்க. பட்டையான நீள இரும்புச் சட்டங்கள், ரெண்டு முனையிலும் ஓட்டை, ஓட்டைக்குள்ளே ஆணி கோத்து அடுத்த சட்டத்தோட பிணைப்பு. ஒரு இணைப்புக்கு இரண்டே இரண்டு சட்டம்தான். உறுதியான எஃகு, அதனால் இரண்டு போதும்னு கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு விஷயம் ஒளிஞ்சிருந்துச்சு. இரண்டில் ஒண்ணு போனால் இன்னொண்ணு தனியாத் தாங்காது. பாரம் ஒரு பக்கமா இழுத்து ஆணியிலிருந்து கழண்டுடும். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் மொத்தச் சங்கிலியும் போச்சு.

1967 டிசம்பர் 15-ந்தேதி சாயங்காலம் அஞ்சு மணி. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கு. கடைக்குப் போய்த் திரும்புறவங்க, வேலை முடிஞ்சு வர்றவங்கன்னு பாலம் நிறைய வண்டி. அப்போ ஒரே ஒரு சட்டம் உடைஞ்சது. ஒரு நிமிஷத்துக்குள்ளே பாலம் முழுசும் ஆத்துக்குள்ளே. 46 பேர் செத்துப்போனாங்க.

உடைஞ்ச சட்டத்தை எடுத்து ஆராய்ச்சி பண்ணாங்க. ஓட்டையோட உள்பக்கத்தில் சின்ன விரிசல், ரெண்டரை மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். ஒரு நெல்லுமணியோட தடிமன்தான். துருவும் பாரமும் சேர்ந்து வருஷக்கணக்கில் அதை வளர்த்திருக்கு. சட்டத்தைக் கழட்டிப் பார்க்காமல், அன்னைக்கு இருந்த எந்தச் சோதனையிலும் அந்த விரிசல் தெரிஞ்சிருக்காதுன்னு விசாரணையில் சொன்னாங்க.

இன்னொண்ணும் கவனிக்கணும். பாலத்தை வடிவமைச்சப்போ ரோட்டில் ஓடின ஃபோர்டு மாடல் டி கார் சுமார் 700 கிலோ. 1967-ல் ஒரு சாதாரண குடும்பக் கார் 1,800 கிலோ அளவில் இருந்துச்சு. லாரிகளைப் பத்திச் சொல்லவே வேண்டாம். பாலம் அப்படியே இருக்கு, அது மேலே போற உலகம் மாறிக்கிட்டே இருக்கு. எங்க பாலத்துக்கும் அதே கதைதான். மாட்டுவண்டிக்கும் ஒண்ணு ரெண்டு காருக்கும் பிறந்தது, கடைசியில் பஸ்ஸையும் மணல் லாரியையும் சுமந்துச்சு.

46 உயிர் போன பிறகுதான் அமெரிக்காவில் நாடு முழுக்க நெடுஞ்சாலைப் பாலங்களுக்குப் பரிசோதனை விதி வந்துச்சு. 1971-லிருந்து, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கணும், பார்த்ததை எழுதி வைக்கணும். அதுக்கு முன்னாடி நாடு முழுக்கப் பொதுவான விதியே கிடையாது. வெள்ளிப் பாலம் மாதிரியே அதே ஆத்தில் மேலே செயின்ட் மேரிஸ் என்கிற ஊரில் ஒரு இரட்டைப் பாலம் இருந்துச்சு. அது விழலை. ஆனால் நம்ப முடியாதுன்னு மூடி, 1971-ல் இடிச்சுட்டாங்க.

மகாராஷ்டிரத்தில் ஒண்ணு

ரெண்டாவது பாலம் நம்ம நாட்டில்தான். மும்பை–கோவா நெடுஞ்சாலையில் மஹாட் பக்கத்தில் சாவித்திரி ஆத்து மேலே இருந்த கல் வளைவுப் பாலம். வெள்ளைக்காரன் காலத்தது, இதுவும் 1928-ல் கட்டினது.

2016 ஆகஸ்ட் 2-ந்தேதி ராத்திரி. கொங்கணத்து ஆடி மழையைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், மழை ஊத்தும்னு சொல்ல மாட்டாங்க, வானம் கொட்டும்னுதான் சொல்வாங்க. ஆறு கரை முட்டி ஓடுது. கும்மிருட்டு. பாலத்தோட ஒரு பகுதியை வெள்ளம் கொண்டுபோயிடுச்சு. ரோடு அறுந்திருக்கிறது வர்ற டிரைவருக்கு எப்படித் தெரியும்? ரெண்டு அரசுப் பேருந்தும் இன்னும் வேற வண்டியும் அப்படியே ஆத்துக்குள்ளே போச்சு. நாற்பது பேர் அளவில் பலி. சில உடல்கள் பல கிலோமீட்டர் தள்ளிக் கிடைச்சுது, சிலர் கிடைக்கவே இல்லை.

அந்த வருஷம் மே மாசம்தான் அந்தப் பாலத்தைப் பரிசோதிச்சு நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தாங்கன்னு செய்தி வந்துச்சு. படிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். மே மாசம் ஆத்தில் தண்ணி இருக்காது. கல்லில் விரிசல் இருக்கா, செடி முளைச்சிருக்கா, கைப்பிடிச்சுவர் பெயர்ந்திருக்கான்னு பார்க்கலாம். ஆகஸ்ட் மாச ராத்திரி தண்ணிக்கு அடியில் என்ன நடக்கும்னு மே மாசப் பகலில் எப்படிப் பார்ப்பது?

பக்கத்திலேயே புதுசாக் கட்டின இன்னொரு பாலம் இருந்துச்சு. அது நின்னுச்சு. எதிர்த்திசை வண்டிகள் அதில் போய்க்கிட்டு இருந்துச்சு. விழுந்த பாலத்துக்குப் பதிலா 165 நாளில் புதுசு கட்டி 2017 ஜூனில் திறந்தாங்க. 165 நாளில் முடியுற வேலைதான், இத்தனை உயிர் போன பிறகு நடந்துச்சு.

அந்தச் சம்பவம் முடிஞ்சு ரெண்டு மாசத்தில், 2016 அக்டோபரில், மத்திய அரசு பாலங்களுக்கான கணக்கெடுப்புத் திட்டம் ஒண்ணு தொடங்கினாங்க. ஒன்றரை லட்சம் பாலங்கள் அளவில், ஒவ்வொண்ணுக்கும் நம்ம ஆதார் மாதிரி ஒரு எண், எங்கே இருக்கு, எந்த நிலைமையில் இருக்குன்னு குறிப்பு. நல்ல விஷயம்தான். எந்த ஊரிலும் இந்தக் கணக்கெல்லாம் சாவு விழுந்த பிறகுதான் தொடங்குது.

ஆடி ஆவணி வெள்ளம்

இப்போ எங்க பாலத்துக்கு வர்றேன்.

2018 ஆகஸ்ட். கர்நாடகத்தில் மழை கொட்டி, மேட்டூர் நிரம்பி, ரெண்டு லட்சம் கன அடி அளவில் தண்ணி திறந்தாங்க. ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் கொள்ளிடம் கரை தொட்டு ஓடுச்சு. ஊரே போய் வேடிக்கை பார்த்தோம். காஞ்ச ஆத்தையே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வாயைத் திறந்துக்கிட்டுப் பார்த்துச்சுங்க.

மூணாவது வாரத்தில் பழைய பாலத்தில் விரிசல்னு சேதி வந்துச்சு. அடுத்த நாள் ராத்திரி 18, 19-ம் தூண்கள் சாஞ்சு, மேலே இருந்த இரும்புச் சட்டமெல்லாம் ஆத்துக்குள்ளே போயிடுச்சு.

விடிஞ்சதும் அப்பாவை பைக்கில் உட்கார வச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன். போலீஸ் கிட்டே விடலை, தூரத்திலிருந்துதான் பார்த்தோம். பல்லு விழுந்த வாய் மாதிரி நடுவில் ஓட்டை. அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. திரும்பி வரும்போது பின்னாடியிலிருந்து சொன்னார்: "நல்லவேளப்பா. மேல ஆளில்லாதப்ப விழுந்துச்சு."

மூணு பாலத்துக்கும் பிறந்த வருஷம் ஒண்ணு. ஒண்ணு 39 வயசில் 46 பேரோட போச்சு. இன்னொண்ணு 88 வயசில் நாற்பது பேரோட போச்சு. எங்களது 90 வயசில் தனியாப் போச்சு. வித்தியாசம் கட்டினவனோட திறமையில் மட்டும் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடியே "நீ போதும், ஓய்வெடு"ன்னு யாரோ முடிவெடுத்ததில் இருக்கு. அந்த 2016 முடிவு ரெண்டு வருஷம் தள்ளிப்போயிருந்தால்? லால்குடி பஸ்ஸில் அன்னைக்கு ராத்திரி என் பொண்ணு கூட இருந்திருக்கலாம். அப்போ அவள் திருச்சியில்தான் படிச்சுக்கிட்டிருந்தாள்.

தூணுக்கு அடியில்

பாலம் எப்படி விழுந்துச்சுன்னு கேட்டால் டவுன் ஆட்கள் "துருப்பிடிச்சிருக்கும்"னு சொல்வாங்க. இரும்புப் பாலம், 90 வயசு, வேற என்ன? ஆனால் சாஞ்சது தூண். மேலே இருந்த இரும்பு, தூண் போனதால் போச்சு.

நம்ம மணல் ஆறுகளில் பழைய பாலங்களுக்குப் பெரும்பாலும் கிணத்து அஸ்திவாரம்தான். உறைகிணறு இறக்குறதைப் பார்த்திருந்தால் உடனே புரியும். மணல் மேலே ஒரு வளையத்தை வச்சு, உள்ளே இருக்கிற மணலை அள்ளி வெளியே போட்டால், வளையம் தன் பாரத்திலேயே கீழே இறங்கும். மேலே மேலே கட்டிக்கிட்டே, உள்ளே அள்ளிக்கிட்டே போகணும். வேண்டிய ஆழம் போனதும் அடியை அடைச்சு அது மேலே தூணை எழுப்புவாங்க. கிணறு தண்ணிக்கு, இது பாரத்துக்கு. வித்தை ஒண்ணுதான். அப்படின்னா தூணைச் சுத்தி நின்னு அதைச் சாயாமல் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது மணல்தான். மணலும் அஸ்திவாரத்தில் ஒரு பகுதி.

இப்போ வெள்ளம் வருது. கடற்கரையில் அலை திரும்பிப் போகும்போது நின்னு பார்த்திருப்பீங்க, குதிகாலுக்கு அடியில் மணல் சரசரன்னு ஓடும். தூணுக்கும் அதேதான் நடக்குது. தண்ணி தூணில் மோதி, மேலே போக வழியில்லாமல் கீழ்ப்பக்கம் திரும்பும். அங்கே குதிரை லாடம் மாதிரி தூணைச் சுத்திச் சுழிச்சுக்கிட்டு மணலைத் தோண்டும். வெள்ளம் எவ்வளவு பெருசோ பள்ளம் அவ்வளவு ஆழம். அந்த ஆழத்தைக் கணக்குப் போட, இங்கே இந்தியப் பாசனத்தில் வேலை பார்த்த ஜெரால்டு லேசி என்கிற பொறியாளர் 1930-ல் ஒரு சூத்திரம் எழுதினார். இன்னைக்கும் நம்ம நாட்டுப் பால விதிகள் அது வழியாத்தான் போகுது. வெள்ளம் எவ்வளவு ஆழம் தோண்டுமோ, அதுக்கு மேலே இன்னும் மூணில் ஒரு பங்கு ஆழம் அஸ்திவாரம் போகணும்னு கணக்கு. எங்க பாலம் அந்தச் சூத்திரத்துக்கும் முந்தினது. ஆனால் கட்டினதுக்கு நாலு வருஷம் முன்னாடிதான் 1924-ல் காவிரியில் பெருவெள்ளம் வந்திருந்துச்சு. கட்டினவங்க மனசில் அது இருந்திருக்கும். 2005-லும் பெரிய வெள்ளம் வந்துச்சு, அப்பவும் பாலம் நின்னுச்சே!

இதில் ஒரு கள்ளத்தனம் உண்டு. வெள்ளம் வடியும்போது மேலேயிருந்து வர்ற மணல் அந்தப் பள்ளத்தை மூடிடும். கோடையில் போய்ப் பார்த்தால் எல்லாம் சமமா, அழகா இருக்கும். தோண்டின காயம் வெளியே தெரியாது. அதனால்தான் மே மாசப் பரிசோதனையை நம்பி ஆகஸ்டில் வண்டி ஓட்ட முடியாதுன்னு சொன்னேன்.

பள்ளத்தை மூட மேலேயிருந்து மணல் வரணும். அது வருதா?

மணல் கணக்கு

ஆத்துப் படுகை மேலே போறதும் கீழே இறங்குறதும் எங்களுக்குப் புதுசு இல்லை. 1800-களின் தொடக்கத்தில் இதே இடத்தில் காவிரி மேடாகி, கொள்ளிடம் பள்ளமாகி, தண்ணியெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போயிடுச்சு. தஞ்சாவூர் வயல் காஞ்சுது. அதைத் தடுக்கத்தான் 1830-களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். கட்டின கொஞ்ச வருஷத்திலேயே காவிரிக்கு அளவுக்கு மேலே தண்ணி போகுதுன்னு மறுபடி திருத்த வேண்டியிருந்துச்சு. படுகை ரெண்டு அடி மாறினால் ஒரு ஜில்லாவோட சோறு மாறும் என்பதை அன்னைக்கே பார்த்திருக்காங்க. அந்த மேலணையும் அதே 2018 ஆகஸ்டில், பாலம் விழுந்த சில நாளில், 22-ந்தேதி உடைஞ்சது. கொள்ளிடம் பக்கம் இருந்த 45 மதகில் 9 போச்சு.

1934-ல் மேட்டூர் அணை முடிஞ்சுது. அணை தண்ணியைத் திறந்து விடும், மணலைத் திறந்து விடாது. மலையிலிருந்து வர்ற மணலில் பெரும் பங்கு அங்கேயே படிஞ்சுடும். அதனால் கீழே எங்ககிட்ட இருந்தது பெரும்பாலும் பழைய சேமிப்பு. எத்தனையோ ஆயிரம் வருஷத்து முதல். அதில்தான் நாங்க கை வச்சோம்.

குவாரி ஆரம்பிச்ச காலத்தில் ராத்திரி பகலா லாரி போகும். மணல் லாரி போற ரோட்டில் குடியிருந்தவங்களுக்குத் தெரியும், வீட்டுக்குள்ளே தட்டு டம்ளர் எல்லாம் ஆடும். அள்ள வேண்டிய ஆழம்னு ஒரு கணக்கு காகிதத்தில் இருக்கும். ஆத்துக்குள்ளே போய்ப் பார்த்தால் ஆள் உயரத்துக்கு மேலே பள்ளம். முன்னாடி கொள்ளிடக் கரையில் எட்டு பத்து அடியில் ஊத்து கிடைக்கும். ஆத்து மணல் ஒரு பெரிய பஞ்சு மாதிரி, தண்ணியைக் குடிச்சு வச்சுக்கிட்டுச் சுத்தி இருக்கிற கிணத்துக்கெல்லாம் கொடுக்கும். மணல் இறங்கினதும் எங்க போர் மோட்டாரையும் கீழே கீழே இறக்கினோம். கிணத்துக்கு நடந்தது எங்களுக்கு உடனே தெரிஞ்சுது. பாலத்துத் தூணுக்கும் அதேதான் நடக்குதுன்னு அப்போ யாரும் யோசிக்கலை.

பாலம் விழுந்ததுக்கு மணல் அள்ளினது மட்டும்தான் காரணம்னு நான் தீர்ப்பு எழுத வரலை. 90 வயசு, பெரிய வெள்ளம், எல்லாம் சேர்ந்துதான் நடக்கும். ஆனால் கணக்கு எளிது. ஒரு தூணைப் பிடிச்சிருந்த மணலில் பத்தடியை நாம எடுத்துட்டால், வெள்ளம் தோண்டவே தொடங்காமல் பத்தடி தோண்டி முடிச்ச மாதிரி.

இப்போ என் கதையையும் சொல்லிடுறேன். 2009-ல் நான் வீடு கட்டினேன். பதினேழு லோடு மணல். எல்லாம் கொள்ளிடத்து மணல்தான். நல்ல மணலா வேணும்னு நானே லாரிக்காரர்கிட்ட சொல்லி, உள்ளங்கையில் எடுத்துத் தேச்சுப் பார்த்துத்தான் இறக்கினேன். அன்னைக்கு எனக்குப் பெருமைதான். பாலம் விழுந்த அன்னைக்குச் சாயங்காலம் திண்ணையில் சாஞ்சு உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னாடி இருக்கிற சுவரில் எந்தத் தூணோட மணல் இருக்கோன்னு ஒரு நினைப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் லாரிக்காரங்களை மட்டும் திட்ட எனக்கு வாய் வரலை.

சென்னையில் இதைப் படிக்கிறவங்க அடுக்குமாடியிலும் எங்க ஆறு கொஞ்சம் இருக்கலாம். எம்-சாண்ட் வந்துடுச்சேன்னு சொல்லலாம். அதுவும் எங்கேயோ ஒரு ஊர் மலையை உடைச்சு வர்றதுதான். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் அதைப் பத்தி எழுதினால் தேடிப் படியுங்க.

கவனிச்சால் வாழும்

வயசானாலே பாலம் விழணும்னு விதி இல்லை. திருநெல்வேலியில் தாமிரபரணி மேலே 1843-ல் கட்டின சுலோச்சன முதலியார் பாலத்தில் இன்னைக்கும் வண்டி ஓடுது.

பக்கத்திலேயே இன்னொரு உதாரணம். திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் காவிரிப் பாலம், 1976-ல் கட்டினது. 2022 செப்டம்பரில் மூடினாங்க, 2023 மார்ச்சில் திறந்தாங்க. ஆறு மாசம் ஊர் முழுக்கத் திட்டுச்சு, நானும் திட்டினேன். வாழைத்தாரை ஏத்திக்கிட்டு சுத்திப் போனால் டீசல் காசு யார் தர்றது? அப்புறம்தான் என்ன வேலைன்னு விசாரிச்சேன். பாலத்துக்கும் தூணுக்கும் நடுவில் பேரிங்னு ஒண்ணு இருக்கு. வெயிலில் பாலம் நீளும், குளிரில் சுருங்கும். முப்பது மீட்டர் கர்டர் ஒண்ணு, முப்பது டிகிரி சூட்டு வித்தியாசத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். அது நகர இடம் கொடுக்கிறது பேரிங்கும், கண்ணுக்குக் கண் நடுவில் விடுற இடைவெளியும்தான். அது இறுகிப்போனால் பாலம் தூணையே இழுக்க ஆரம்பிக்கும். நம்ம மூட்டு தேஞ்சால் இடுப்பு வலிக்கிற மாதிரி. அதைச் சரி பண்ணத்தான் அந்த ஆறு மாசம்.

அப்பாகிட்ட சொன்னேன். "நுகத்தடி தேஞ்சா மாத்தறதில்லையா? மாடு கழுத்துப் புண்ணானப்புறமா மாத்துவாங்க?"ன்னார். சரியாத்தான் சொன்னார். பாலத்தை மூடி வேலை பார்க்கிறப்போ திட்டுறதை அன்னையோட விட்டேன். மூடாமல் இருக்கிறப்போதான் கேள்வி கேட்கணும்.

பழைய இரும்புப் பாலத்தை 2022-ல் இடிக்க ஆரம்பிச்சாங்க. 2024 ஆகஸ்டில் மறுபடி கொள்ளிடத்தில் வெள்ளம். ஆத்துக்குள்ளே நின்ன உயரழுத்த மின்கோபுரம் சாஞ்சுது. புதுப் பாலத்துக்குப் பக்கத்தில் மண் அரிப்பைத் தடுக்கக் கட்டின சுவரில் ஒரு பகுதியும் போச்சு. பாலத்துக்கு ஒண்ணும் ஆகலை, அதில்தான் நாங்க தினமும் போறோம். ஆனால் அரிப்புத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டிய நிலைமை, பாலத்துக்குப் பத்து வயசு கூட ஆகாதப்பவே வந்திருக்கு. புதுப் பாலம் என்றாலும் அது நிக்கிறது அதே பழைய ஆத்தில்தான்.

இந்தக் கதையில் பாதியைத்தான் அன்னைக்கு மாப்பிள்ளைகிட்ட காரில் சொன்னேன். வீட்டு வாசலில் இறங்கினதும் அவர் நேரா சுவர்கிட்ட போய், பூச்சு பெயர்ந்த இடத்தில் விரலால் தேச்சுப் பார்த்தார். கொஞ்சம் மணல் உதிர்ந்துச்சு.

"இதுவா மாமா?"

"இதுதான் மாப்ள" என்றேன்.

ஆவணியில் தண்ணி வரும்போது வரச் சொல்லியிருக்கேன். பாலத்து ஓரமா நின்னு தூணுக்குப் பக்கத்தில் சுழிக்கிறதைக் காட்டணும்.